ஆணி டயரும் மொட்டை டயரும்

குஹ்மோ
14 அக்டோபர் 1996

ஓஸ்மோ,

இந்தக் கடிதத்தை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. நம் மகளின் உத்தரவு. நீயும் நானும் போனில் பேசினால் சுவர் வழியாகக் கேட்கிறதாம், படிக்க முடியவில்லையாம். "இனிமே ரெண்டு பேரும் போனைத் தொடக்கூடாது. திட்டணும்னா எழுதித் திட்டுங்க. தபால்தலை ஒட்டுறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்" என்று மிர்வா சொல்லிவிட்டாள். எனக்குப் போகவில்லை. இரண்டு தபால்தலை ஒட்டியும் பார்த்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் வாங்கின பெண்ணுக்கு உன் டிரைவிங் ஸ்கூலின் பழைய சிவப்பு டொயோட்டாவைக் கொடுத்தாய். விவாகரத்துக்குப் பிறகு நீ செய்த ஒரே நல்ல காரியம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிக்கியைத் திறந்து குளிர்கால டயரைப் பார்த்தேன். பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்க ரப்பரில் ஓர் ஆணிகூட இல்லை! பெர்க்மான் என்று பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். தடவிப் பார்த்தேன். குழந்தைகள் குளிக்கும்போது விளையாடும் பொம்மை மாதிரி இருக்கிறது. இந்த மொட்டை டயரை மாட்டிக்கொண்டு என் மகள் டிசம்பரில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டுமா?

உன் வாராந்திர டயர் பக்கத்தையும் பேப்பரில் படித்தேன். பெர்க்மானுக்கு முதல் இடம். நம் நாட்டு துயிஸ்கு ஆணி டயருக்கு இரண்டாம் இடம். "சத்தம் அதிகம்" என்று குறை வேறு. சத்தம் கேட்டால்தான் என்ன? நீ வாய் திறந்தாலும் சத்தம்தான், பதினாறு வருஷம் பொறுத்துக்கொண்டேனே.

நான் துயிஸ்கு நாலு வாங்கிவிட்டேன். அதுதான் ஓடும்.

ரைலி


கயானி
19 அக்டோபர் 1996

ரைலி,

உன் கடிதத்தில் எழுத்துப்பிழை குறைவு, சிந்தனைப்பிழை அதிகம். திருத்துவது என் தொழில் என்பதால் திருத்துகிறேன்.

உலகத்தில் மூன்று விதமான டயர்கள் இருக்கின்றன. முதலாவது, டோவர் கம்பெனி போடுகிற மாதிரி வருஷம் முழுக்க ஒரே டயர். ஜூலையில் அருமையாக ஓடும், ஜனவரியில் மரப்பலகையாக இறுகிவிடும். குளிர்காலத்தில் வெறும் மழை தூறுகிற ஊர்க்காரன் மாட்ட வேண்டியதை இங்கே மாட்டுகிறவன் ஒன்று கஞ்சன் அல்லது உன் அண்ணன்.

இரண்டாவது உன் துயிஸ்கு. கண்ணாடி போன்ற வெறும் பனிக்கட்டியில் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு குளிர்காலத்தில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை? மற்ற நாளெல்லாம் அழுத்தமான வெண்பனி, சகதி, அல்லது பனி உருக உப்புப் போட்டுக் கழுவின தார் ரோடு. ஈரத் தாரில் ஆணி சறுக்கும். ரோட்டைச் சுரண்டும். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது பெர்க்மான். குளிரிலும் இளகி இருக்கிற ரப்பர், அதில் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள். தினப்படி ஓட்டத்துக்கு இதை மிஞ்சின டயர் இல்லை. இதை நான் உறைந்த ஏரியின் பனி மேல் ஓட்டி, பிரேக் போட்டு, டேப் பிடித்து அளந்து சொல்கிறேன். நீ எதைக் கொண்டு சொல்கிறாய்? விரலால் தடவிப் பார்த்து.

இன்னொன்று. ஆணி இருக்கிறது என்கிற தைரியத்தில் மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். ஒருத்திக்கு நானே ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பிரேக்கை எட்டுக்கால்பூச்சியை நசுக்குவது போல் மிதிப்பாள். அவளைப் பாஸ் போட்டதும் போதாதென்று கல்யாணமும் செய்துகொண்டேன்.

மிர்வா அப்படி ஓட்டமாட்டாள். அவள் என்னிடம் கற்றவள், என் கையைக் கொண்டவள்.

ஓஸ்மோ


குஹ்மோ
4 நவம்பர் 1996

ஓஸ்மோ,

வெட்கமாக இல்லையா உனக்கு? வெள்ளிக்கிழமை நான் துயிஸ்கு மாட்டி அனுப்பினேன். ஞாயிறு சாயங்காலம் பெண் திரும்பி வந்தால் காரில் பெர்க்மான்! என் ஆணி டயர்களில் இரண்டு டிக்கியில், இரண்டு பின்சீட்டில். பெல்ட் போட்டு உட்கார வைத்திருக்கிறாய், விருந்துக்குப் போகிற சொந்தக்காரர்கள் மாதிரி. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆர்மாஸ் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும்.

வந்த கையோடு ஜாக்கி போட்டேன். டார்ச்சை மிர்வா பிடித்தாள். "அம்மா, ஊருல எல்லாரும் வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துவாங்க. நாம வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்துறோம்" என்றாள். "உங்கப்பாகிட்ட சொல்லு" என்றேன். "அவரும் உன்கிட்ட சொல்லச் சொன்னாரு" என்றாள்.

உன் ஏரிப் பனியும் உன் டேப்பும்! பகல் வெளிச்சத்தில், ஆள் இல்லாத ஏரியில், தெர்மாஸில் காபி வைத்துக்கொண்டு பிரேக் போடுவது ஓட்டமா? நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு ஊசி போடுகிறவள். காட்டுப்பாதையில் மேலே மழை, கீழே பனிக்கட்டி, திருப்பத்தில் கலைமான். அந்த நேரம் உன் சராசரியை வைத்து நான் என்ன செய்ய? நம் வீட்டுக்கு வருகிற கடைசி ஏரிக்கரைப் பாதையில் உப்பும் போடமாட்டார்கள், மணலும் போடமாட்டார்கள். அதில் நீ பதினாறு வருஷம் குடியிருந்தாய். மறந்துவிட்டாயா, இல்லை மறக்க ஆசையா?

"என் கையைக் கொண்டவள்" என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சலில் கிடந்தபோது அவள் யார் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள் என்று கேட்டுப் பார்.

ரைலி


கயானி
18 நவம்பர் 1996

ரைலி,

இந்த வாரமும் மாற்றிவிட்டேன், அடுத்த வாரமும் மாற்றுவேன். பட்டறையில் நட்டு முறுக்குகிற காற்றுத் துப்பாக்கி இருக்கிறது, ஒரு வீலுக்கு இருபது நொடி. நீ ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்து இறுக்குவதாக மிர்வா சொன்னாள். கண் முன்னால் அந்தக் காட்சி வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு உன்னை நினைத்துச் சிரித்தேன்.

வீல் மாற்றினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி, நட்டுகளை இன்னொரு தடவை இறுக்க வேண்டும். என் பள்ளியில் முதல் பாடமே இது. மிர்வாவுக்கும் சொல்லியிருக்கிறேன். உனக்கும் ஒரு காலத்தில் சொன்னேன், நீ ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய்.

மிர்வா இங்கே வந்தால் அதிகம் பேசுவதில்லை. சௌனா நீராவி அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், சூடேற்றின கல் ஆறின பிறகும் வெளியே வருவதில்லை. நீ ஏதோ சொல்லிச் சொல்லி அனுப்புகிறாய் என்று நினைக்கிறேன். "கிறிஸ்துமஸுக்கு இங்கதானேம்மா?" என்று கேட்டேன். "பாக்கலாம்ப்பா" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' உன்னுடையது. கல்யாணத்துக்குக் கேட்டபோது நீ எனக்குச் சொன்ன பதிலும் அதுதான்.

அவள் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வர வேண்டும். பரீட்சை முடிந்து மேலே படிக்கவும் இங்கேயே தங்க வேண்டும். வெளிப்படையாகச் சொல்கிறேன், நீ குறுக்கே நிற்காதே.

ஓஸ்மோ

பி.கு.: வியாழக்கிழமை பேப்பர் பார். உன்னால் ஒரு நல்ல கட்டுரை பிறந்தது.


குஹ்மோ
25 நவம்பர் 1996

ஓஸ்மோ,

பார்த்தேன். "ஆணியை மட்டும் நம்பும் ஓர் அம்மணி". பெயர் போடவில்லையாம், பெரிய மனசு! ஏரிக்கரை, நர்ஸ், பச்சைக் கார், ஸ்பானர் மேல் குதிக்கிறவள் என்று எழுதிவிட்டு இனி என் செருப்பின் அளவை மட்டும்தான் நீ போடவில்லை. கடையில் பில் போடுகிற பெண், "ரைலி, நீங்க குதிக்கிற வீடியோ இருக்கா?" என்று கேட்கிறாள். நான் ஊசி போடப் போனால் எண்பது வயசுக் கிழவர் படுக்கையில் கிடந்தபடி, "பெர்க்மான்தான் நல்லதாமே?" என்கிறார். அவருக்குக் கார்கூடக் கிடையாது.

மிர்வாவை ஸ்கூலில் 'ஆணி' என்று கூப்பிடுகிறார்களாம். அது தெரியுமா உனக்கு? தெரிந்தாலும் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று எண்ணி அடுத்த வாரம் அட்டவணை போடுவாய்.

கிறிஸ்துமஸுக்கு அவள் இங்கேதான் இருப்பாள். பண்டிகை விருந்துக்குப் பன்றித்தொடை சொல்லிவைத்தாகிவிட்டது. குறுக்கே நிற்காதே என்கிறாய். நான் நிற்கிற இடம் அவள் பிறந்து வளர்ந்த வீடு. விட்டுப் போனவன் நீ.

ரைலி


கயானி
9 டிசம்பர் 1996

ரைலி,

ஆறாம் தேதி, நம் நாட்டுச் சுதந்திர தினத்துக்கு மிர்வா இங்கே இருந்தாள். வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். நல்ல சாயங்காலம். நீ கேட்டு வயிறெரிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

மறுநாள் பட்டறையில் துயிஸ்குவைக் கழற்றும்போது, "அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் பஸ்ல வந்தா நீ என்ன பண்ணுவே?" என்றாள். பஸ்ஸின் டயர் என்ன கம்பெனி என்று பார்ப்பேன் என்று சொன்னேன். நான் நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உன் வளர்ப்பு, சிரிக்க வராது.

ஒரு விஷயம் கவனித்தேன். முன்பக்க நட்டுகள் சில கஷ்டப்பட்டு ஏறுகின்றன. நீ கோணலாகப் போட்டு முறுக்கியிருக்கிறாய். தயவுசெய்து என் காரைத் தொடாதே.

ஓஸ்மோ


குஹ்மோ
16 டிசம்பர் 1996

ஓஸ்மோ,

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் போனில் உன் குரலைக் கேட்க என்னால் முடியாது. ஆஸ்பத்திரியிலும் நீ காலையில் வந்ததால் நான் சாயங்காலம் வந்தேன்.

வெள்ளிக்கிழமை மிர்வா உன்னிடம் வரத்தான் கிளம்பினாள். வழியில் சோத்கமோ ஊரைத் தாண்டும்போது ஸ்டியரிங் ஆடியதாம். ரோடு மோசம் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த திருப்பத்தில் முன் இடது வீல் கழன்று, காரை முந்திக்கொண்டு ஓடி, ஏரிப் பனி மேல் போய் விழுந்திருக்கிறது. "என் வீல் எனக்கு முன்னாடி போகுதும்மா. யாருதோ வீல்னு நினைச்சேன்" என்றாள். கார் பள்ளத்தில் பனிக்குள் தலைகுப்புற. பின்னால் மரம் ஏற்றி வந்த லாரிக்காரர் எப்படி நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லையாம். மணிக்கட்டு முறிந்து, நெற்றி கிழிந்து, உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள் என்று நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது கேள். போலீஸ்காரர் உனக்குப் போன் செய்து, "உங்க பொண்ணு கார் பள்ளத்துல விழுந்துடுச்சு" என்றதும் நீ கேட்ட முதல் கேள்வி என்ன? "எந்த டயர் மாட்டியிருந்தது?" அந்த மனுஷர் செல்போனோடு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். நீ கத்தினதில் கேள்வி அவள் காதிலேயே விழுந்திருக்கிறது.

மனுஷனா நீ? தெருவில் போகிறவனுக்குச் சேதி சொன்னாலும் "பொண்ணு எப்படி இருக்கா?" என்பான். நீ பெர்க்மானின் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாய். என் வாழ்நாளில் உன்னை எத்தனையோ விதமாகக் கேவலமாக நினைத்திருக்கிறேன். அதெல்லாம் போதாது என்று இப்போது தெரிகிறது.

ரைலி


கயானி
19 டிசம்பர் 1996

ரைலி,

கேட்டேன். மறுக்கவில்லை. துயிஸ்கு என்று அவர் சொன்னதும் ஒரு கணம் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. அதையும் மறுக்கவில்லை. 

ஆனால் அதே போலீஸ்காரர் எனக்கு முன்னால் உனக்குத்தான் போன் செய்தார். சோத்கமோவில் காரைப் பார்க்கப் போனபோது அவரைச் சந்தித்தேன். அவருக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "என்ன குடும்பம் சார் உங்களுது? அந்தம்மாவும் இதையேதான் கேட்டாங்க. 'அவர் டயரா, என் டயரா'ன்னு. நான் பொண்ணு உயிரோட இருக்குன்னு சொல்லக்கூட விடல" என்றார். அந்தப் போனும் ஸ்ட்ரெச்சர் பக்கத்திலிருந்துதான், ரைலி. உன் கடிதத்தில் இதை எழுத இடம் போதவில்லையா?

காரைப் பார்த்தேன். டயரில் ஒரு குறையும் இல்லை. உன்னுடையதிலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை. வீலைத் தாங்குகிற போல்ட்டுகளில் மரை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரு காரின் ஆயுளில் கழற்ற வேண்டிய அளவை நாம் இரண்டு மாதத்தில் கழற்றியிருக்கிறோம். ஒரு பக்கம் என் துப்பாக்கி, ஒரு பக்கம் உன் குதியாட்டம். நட்டு கஷ்டப்பட்டு ஏறுகிறது என்று தெரிந்தும் நான் காரணத்தை உன் தலையில் போட்டுவிட்டு மேலும் முறுக்கினேன். தொடாதே என்று எழுதினேன், கடிதம் வருவதற்குள் நீ முறுக்கிவிட்டிருந்தாய்.

பாதி வழியில் நிறுத்தி இறுக்கினாயா என்று மிர்வாவிடம் கேட்டேன். "முதல் நாலு தடவை இறுக்கினேன்ப்பா. அப்புறம் சலிச்சுப்போச்சு. எப்படியும் நீங்க கழட்டத்தானே போறீங்க" என்றாள்.  என் பள்ளியின் முதல் பாடம் என்று நான் பீற்றிக்கொண்டது அதைத்தான்.

நாளை அவளை வீட்டுக்கு விடுகிறார்கள். எந்த வீட்டுக்கு என்று நீ அவளிடம் கேட்காதே. நானும் கேட்கவில்லை.

ஓஸ்மோ


குஹ்மோ
22 டிசம்பர் 1996

ஓஸ்மோ,

நானும் கேட்டேன்தான். பயத்தில் வாயில் வந்தது. உனக்கு வந்ததும் பயம்தான் என்று சொல்லி உன்னைத் தப்பவிடமாட்டேன், என்னையும் விடமாட்டேன்.

அவள் எந்த வீட்டுக்கும் வரவில்லை. வகுப்பில் கூடப் படித்த ஹெய்னியின் குடும்பம் போன கோடையில் சோத்கமோவுக்குக் குடிபோனதே, அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஹெய்னியின் அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து கூட்டிப்போய்விட்டார். கிறிஸ்துமஸ் அங்கேதான். அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். "கொஞ்ச நாள் யாரும் யாரையும் பத்திப் பேசாத வீட்டுல இருக்கணும்மா" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

பன்றித்தொடை இருக்கிறது. ஒருத்தியாக எத்தனை நாள் தின்பது?

ரைலி


கயானி
27 டிசம்பர் 1996

ரைலி,

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சோத்கமோ போனேன். ஹெய்னியின் வீட்டு வாசலில் நிறுத்தி, பரிசைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். எதிர்ச்சாரியில் உன் பச்சைக் கார் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நீ இறங்கவில்லை. உன்னைப் பார்த்ததும் நானும் இறங்கவில்லை. நீ முதலில் கிளம்பிப் போனால் நீ தோற்றாய், நான் முதலில் கிளம்பிப் போனால் நான் தோற்றேன். அந்த நிலையிலும் நம் இரண்டு பேருக்கும் இந்தக் கணக்கு ஓடியது பார்.

மிர்வா ஜன்னலுக்கு வந்தாள், கட்டுப்போட்ட கையோடு. உன் காரைப் பார்த்தாள். என் காரைப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டாள். வெறுப்பாகக்கூட இழுக்கவில்லை. வெளியே குளிர் என்பதற்காக இழுக்கிற மாதிரி இழுத்தாள்.

ரைலி, அந்த நேரத்தில் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? உன் முன் டயரில் ஆணிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று. என் பெண் திரையை மூடுகிறாள், நான் டயர் பார்க்கிறேன். இப்படிப்பட்டவனிடம் அவள் எதற்கு வர வேண்டும்?

ஓஸ்மோ


குஹ்மோ
5 ஜனவரி 1997

ஓஸ்மோ,

உன்மேல் இரக்கப்பட வைக்கப் பார்க்காதே, எனக்கு வராது. இதைப் படித்துவிட்டுச் சொன்னதை மட்டும் செய்.

மிர்வா சோத்கமோவிலேயே பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டாள். வசந்தத்தில் பரீட்சையும் அங்கேதான். அப்பா அம்மா கையெழுத்து வேண்டாத வயசாம், அவளே போட்டுவிட்டாள். துணிமணிகளையும் பூட்ஸையும் நேற்று பஸ்ஸில் பார்சலாக அனுப்பிவிட்டேன். கணக்குப் புத்தகங்களும் பச்சை ஸ்வெட்டரும் உன் வீட்டில் இருக்கிறதாம். நீயும் பஸ்ஸில் போட்டுவிடு. உள்ளே ஒன்றும் எழுதி வைக்காதே. நான் எழுதி வைத்து, பிறகு அவள் வேண்டாம் என்றதால் எடுத்துக் கிழித்தேன்.

இதை எழுதும்போது அழுகிறேன். அதற்காகவும் உன்னை வெறுக்கிறேன். வேறு யாரிடம் போய் நான் இதைச் சொல்ல முடியும்?

பார்சல் கட்டுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்து, "பஸ் எதுக்குடி? நானே கொண்டுவந்து குடுத்துட்டு உடனே திரும்பிடறேன், உள்ளகூட வரமாட்டேன்" என்றேன். வருஷம் பூராவும், எந்தப் பனியிலும், கூப்பிட்டவர் வீட்டுக்குப் போய் ஊசி போடுகிறவள் நான். இருட்டிலும் அந்தக் காட்டுப்பாதையில் நான் போகாமல் விட்ட வீடு கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "வேணாம்மா. ரோடு வழுக்கும்."

ரைலி